பழுதானால் தூக்கி எறிய வேண்டுமா? – பழுது நீக்கும் உரிமை பற்றி ஒரு பாடம்





ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தா மில் வேலைக்குப் போகிறார். அம்மா வீட்டிலேயே பவர் மிஷின் போட்டு, தளவாய்புரத்து வியாபாரிகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் அந்த மிஷினை நம்பித்தான் இருக்கிறது. 24,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மிஷின் ஒன்றரை வருடத்தில் நின்றுவிடுகிறது. சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால், "போர்டு போயிருச்சு. இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லை, புதுசா வாங்கிக்கங்க" என்கிறார்கள். பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் கேட்டால், "போர்டு கிடைச்சா ஒரு மணி நேரத்துல மாட்டிருவேன். ஆனா கம்பெனி எங்களுக்கு பார்ட்ஸ் தர மாட்டாங்களே" என்கிறார்.

கடைசியில் என்ன நடக்கும்? காதில் கிடப்பது அடகுக் கடைக்குப் போகும். புது மிஷின் வரும். பழையது மாடியில் துருப்பிடிக்கும்.

இது கற்பனையாகச் சொன்ன உதாரணம்தான். ஆனால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தையல் மிஷினோ, வாஷிங் மெஷினோ, செல்போனோ வைத்து இப்படி ஒரு அனுபவம் இல்லாத வீடு குறைவு. இந்த இடத்தில் நமக்கு ஓர் உரிமை இருக்கிறதா, அரசு இதைப் பற்றி என்ன செய்திருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

1. பழுது நீக்கும் உரிமை என்றால் என்ன?

காசு கொடுத்து வாங்கிய பொருள் நமக்குச் சொந்தம். அது பழுதானால் எங்கே, யாரிடம், எந்தச் செலவில் சரிசெய்வது என்று முடிவெடுப்பதும் நம் கையில் இருக்க வேண்டும். இதுதான் பழுது நீக்கும் உரிமை. இதற்கு நான்கு விஷயங்கள் தேவை.

முதலாவது, உதிரி பாகம் நியாயமான விலையில், நியாயமான காலம்வரை கிடைக்க வேண்டும். இரண்டாவது, எப்படிக் கழற்றுவது, எப்படிச் சோதிப்பது என்ற விவரம் வெளியில் இருக்கும் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். மூன்றாவது, சாதாரணக் கருவிகளால் பொருளைத் திறக்க முடிய வேண்டும். நான்காவது, வேறு கடையில் கொடுத்தோம் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது.

பொருட்களைப் பழுது பார்த்து உபயோகிப்பது நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டார்கள், ஆடைக்குத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்பதைச் சிறு வயதிலேயே மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புதிதாக வந்திருப்பது, பழுது பார்க்க நினைத்தாலும் முடியாதபடி பொருளைச் செய்து விற்கும் பழக்கம்தான்.

2. நம் கையை விட்டு எப்படிப் போனது?

2011-ல் தமிழக அரசு ரேஷன் கார்டுதாரர்களுக்கு இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. பழுதான மிக்ஸியை நம் தெரு மெக்கானிக்கிடம் கொடுத்தால் கார்பன் தேய்ந்திருந்தால் மாற்றுவார், கப்ளர் உடைந்திருந்தால் மாற்றுவார், மோட்டார் எரிந்திருந்தால் காயில் கட்டித் தருவார். ஸ்க்ரூ டிரைவரும் அனுபவமும் போதும். பாகங்கள் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும்.

இன்றைய பொருட்கள் பலவற்றில் நிலைமை வேறு. செல்போனில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். வாஷிங் மெஷினில் ஒரு சிறிய ரிலே போனால்கூட முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். சில போன்களில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதை மெயின் போர்டுடன் சாஃப்ட்வேர் மூலம் இணைத்துவிடுகிறார்கள். அதே கம்பெனியின் அசல் டிஸ்ப்ளேயை வெளிக்கடையில் மாட்டினாலும் "தெரியாத பாகம்" என்று திரையில் எச்சரிக்கை வரும், சில வசதிகள் வேலை செய்யாது. மெக்கானிக்குக் கைத்திறமை இருந்தும் பயன் இல்லை.

பாதுகாப்புக்காகவும், தண்ணீர் புகாமல் இருக்கவும், போலிப் பாகங்களைத் தடுக்கவும்தான் இப்படிச் செய்கிறோம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. மட்டமான பேட்டரி வீங்கி வெடித்த செய்திகளை நாமும் படிக்கிறோம். ஆனால் போலியைத் தடுக்க நல்ல வழி, அசல் பாகத்தை எல்லோருக்கும் நியாயமான விலையில் கிடைக்கச் செய்வது. அசலை அடைத்து வைத்தால்தான் போலிக்குச் சந்தை உருவாகிறது.

3. அரசு இதுவரை செய்தது என்ன?

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது நீக்கும் உரிமைக்கான கொள்கையை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. அப்போது துறையின் கூடுதல் செயலாளராக இருந்த நிதி கரே அதன் தலைவர். விவசாயக் கருவிகள், செல்போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அந்தக் குழு முதலில் எடுத்துக்கொண்டது. நான்கும் நம் வீட்டுச் செலவைத் தொடுபவை.

2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று "ரைட் டு ரிப்பேர் இந்தியா" என்ற இணையதளம் தொடங்கப்பட்டது. வாரண்டி விதிகள், சர்வீஸ் சென்டர் விவரம், உதிரி பாக விலை, பழுது பார்க்கும் குறிப்புகள் ஆகியவற்றை கம்பெனிகள் ஒரே இடத்தில் வெளியிட வேண்டும் என்பது நோக்கம். 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இதில் சேர்ந்துள்ளன. சேருவது கட்டாயமல்ல என்பதால், எல்லாக் கம்பெனிகளும் இல்லை. சேர்ந்தவையும் எல்லா விவரத்தையும் தருவதில்லை.

அடுத்த படி, பழுது நீக்கும் வசதிக்கு மதிப்பெண் கொடுப்பது. 2024 செப்டம்பரில் கூடுதல் செயலாளர் பரத் கேரா தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. முதலில் ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும் மதிப்பெண் போட வேண்டும், அதைக் கடையிலும் ஆன்லைனிலும் பெட்டியின் மேல் க்யூஆர் கோடாகவும் காட்ட வேண்டும் என்பது பரிந்துரை. கழற்றுவது எவ்வளவு சுலபம், பாகம் எத்தனை நாளில் கிடைக்கும், என்ன கருவி வேண்டும், விவரம் வெளியில் உண்டா, சாஃப்ட்வேர் அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்பவற்றை வைத்து மதிப்பெண். ஃப்ரிட்ஜ் வாங்கும்போது கரண்டுக்காக நட்சத்திரம் பார்க்கிறோமே, அதுபோல ரிப்பேருக்கும் ஓர் அடையாளம்.

பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரியிலேயே இப்படிப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு செல்போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் விற்கத் தொடங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு படி மேலே போய், வாரண்டி முடிந்த பிறகும் குறிப்பிட்ட சில பொருட்களைப் பழுது பார்த்துத் தருவது தயாரிப்பாளரின் கடமை என்று சட்டம் இயற்றியது. உறுப்பு நாடுகள் அதை நடைமுறைப்படுத்த 2026 ஜூலை 31 வரை அவகாசம் தரப்பட்டது.

நம் நாட்டில் இந்த உரிமைக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. ஆனால், "சட்டம் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சும்மா இருந்துவிட வேண்டியதும் இல்லை. ஏன் என்பதை ஒரு வழக்கு காட்டுகிறது.

4. 14 கார் கம்பெனிகள் வழக்கு

2011 ஜனவரியில் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு தகவல் மனு கொடுத்தார். கார் கம்பெனிகள் அசல் உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் விற்பதில்லை, பழுதைக் கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தருவதில்லை, அதனால் கார் வைத்திருப்பவர்கள் கம்பெனி சொல்லும் விலைக்கே கட்டுப்பட வேண்டியிருக்கிறது என்பது புகார். மூன்று கம்பெனிகள் மீது தொடங்கிய விசாரணை மற்றவற்றுக்கும் விரிந்தது.

2014 ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு வந்தது. மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா உட்பட 14 நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். உதிரி பாகங்களும் விவரங்களும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியில் சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் உத்தரவிட்டது. பின்னர் மேல்முறையீட்டில் சில நிறுவனங்களின் அபராதத் தொகை குறைக்கப்பட்டது. ஆனால் செய்தது தவறு என்ற முடிவு மாறவில்லை.

பழுது நீக்கும் உரிமை என்ற பெயர் நம் நாட்டில் பிரபலமாவதற்கு முன்பே, இருக்கும் சட்டத்தை வைத்தே இந்த வழக்கு நடந்தது. தொடங்கி வைத்தது ஒரு தனி மனிதரின் மனு.

5. இன்று நம் கையில் இருக்கும் சட்டம்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. ரிப்பேர் விஷயத்தில் இதில் நமக்கு உதவும் இடங்களைப் பார்ப்போம்.

* பொருளுக்கோ வேலைக்கோ பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். கேட்பது நம் உரிமை, தருவது கடைக்காரரின் கடமை.
* குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு இருந்தால் அந்தக் காலத்துக்குள், இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் கொண்டுபோக வேண்டும்.
* விலையை ஏற்றும் விதத்தில் பொருளையோ சேவையையோ தர மறுப்பதும் இந்தப் பட்டியலில் வருகிறது.
* தெரிந்திருக்க வேண்டிய விவரத்தை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. என்ன பழுது, எந்தப் பாகம் வேண்டும் என்று சொல்லாமல் "புதுசு வாங்குங்க" என்று மட்டும் சொல்வதைக் கேள்வி கேட்க இந்த இடம் உதவும்.
* நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை வெளியில் விடுவதும் குற்றச்சாட்டுக்கு உரியது. ரிப்பேருக்குக் கொடுத்த போனில் இருக்கும் குடும்பப் படங்களுக்கும் இது பொருந்தும்.

இப்போது நாம் தொடக்கத்தில் பார்த்த தையல் மிஷினுக்கு வருவோம். "நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் சட்டம் உங்களுக்குச் செல்லாது" என்று சிலர் சொல்லக்கூடும். வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அதே பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான். வீட்டில் உட்கார்ந்து தைக்கும் தாய்மார்கள், சொந்தமாக ஆட்டோ ஓட்டுபவர்கள், தள்ளுவண்டியில் ஜூஸ் மிஷின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

6. பழுதானால் படிப்படியாக என்ன செய்வது?

முதல் படி, ஆதாரம். பில், வாரண்டி கார்டு, பொருளைப் பொருத்திய தேதி உள்ள சீட்டு மூன்றையும் ஒரு கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டர் பில் சில மாதங்களில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது ஜாப் கார்டு வாங்காமல் வராதீர்கள். பாகம் இல்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கம்பெனிக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, நான் ……… தேதியில் ……… கடையில், பில் எண் ……… மூலம், ரூ. ……… கொடுத்து ……… மாடல் வாங்கினேன். ……… தேதியில் அது பழுதானது. ……… தேதியில் உங்கள் சர்வீஸ் சென்டரில் காட்டியபோது உதிரி பாகம் கிடைக்காது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். பழுதின் காரணம், தேவையான பாகம், அதன் விலை, கிடைக்கும் நாள் ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்கவும். கிடைக்காது என்றால் அதன் காரணத்தையும் எழுத்தில் தரவும். 15 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

மூன்றாவது, 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை தமிழிலும் பேசலாம். இது கோர்ட் அல்ல. புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

நான்காவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தாலும், மாவட்ட நீதிமன்றத்தைப் போலவே இந்த ஆணையமும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரப் பயணம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே பேசலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலும் மனு கொடுக்கலாம்.

பழுதை நீக்கித் தரவோ, மாற்றுப் பொருள் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நஷ்டஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவிட முடியும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் தாமதம் ஆவதுண்டு, பொறுமை வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு நடந்துகொண்டிருக்கிறோமே என்று காலத்தைக் கடத்திவிடாதீர்கள். வழக்குப் போட்டால் எல்லாம் ஜெயிக்கும் என்றும் சொல்ல முடியாது. நாம் கீழே போட்டு உடைத்ததையோ, தண்ணீரில் விழுந்ததையோ கம்பெனி மேல் சுமத்த முடியாது, சுமத்தவும் கூடாது.

7. ரிப்பேர் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு

நம் இளைஞர்களில் பலர் செல்போன் சர்வீஸ், ஏசி மெக்கானிக், மோட்டார் காயில் வேலைகளில் இருக்கிறார்கள். இந்த உரிமை முழுமையாக வந்தால் அதிகப் பயன் அடையப்போவது நீங்கள். அசல் பாகமும் விவரமும் கையில் கிடைத்தால் தொழில் வளரும்.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு நம் கடையும் தகுதியாக இருக்க வேண்டும். அதே நுகர்வோர் சட்டம் நம்மையும் கட்டுப்படுத்துகிறது. மாட்டிய பாகம் அசலா, டூப்ளிகேட்டா, பழையதிலிருந்து எடுத்ததா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பில் கொடுங்கள், எத்தனை நாள் உத்தரவாதம் என்று அதில் எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் திருப்பிக் கொடுங்கள். குறையை மறைத்து விற்பது நமக்கு மார்க்கத்திலும் கூடாது, சட்டத்திலும் கூடாது. போன் ஓர் அமானத். அதில் இருக்கும் படத்தையும் செய்தியையும் திறந்து பார்க்கக் கூடாது.

போன் கொடுக்கும் குடும்பத்தினரும் கவனமாக இருங்கள். முடிந்தால் படங்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு அழித்துக் கொடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். சில போன்களில் ரிப்பேர் மோட் அல்லது மெயின்டனன்ஸ் மோட் என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் கடைக்காரர் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்கள் அவருக்குத் தெரியாது.

8. வாங்கும் முன்பே கேளுங்கள்

உரிமை ரிப்பேர் அன்று தொடங்குவதில்லை, வாங்கும் அன்றே தொடங்குகிறது. கடையில் விலை பேசும்போது இந்த ஐந்து கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்:

* ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சர்வீஸ் உண்டா, மதுரைக்குத்தான் போக வேண்டுமா?
* வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது? எந்தப் பாகத்துக்கு எத்தனை வருடம்?
* போர்டு, மோட்டார், பேட்டரி இவற்றின் இன்றைய விலை என்ன?
* இந்த மாடலுக்கு இன்னும் எத்தனை வருடம் பார்ட்ஸ் வரும்?
* வெளியில் கொடுத்துப் பழுது பார்த்தால் வாரண்டி போய்விடுமா? அது எங்கே எழுதியிருக்கிறது?

எல்லாக் கேள்விக்கும் கடைக்காரரிடம் பதில் இருக்காது. ஆனால் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் வேலை செய்யாமல் கிடக்கும் மின்சாதனங்கள் எத்தனை? எது உண்மையில் பழுது பார்க்க முடியாதது, எதை நாம் விசாரிக்காமலே ஒதுக்கி வைத்தோம்?
2. கடைசியாக வாங்கிய மூன்று பொருட்களின் பில் இப்போது எங்கே இருக்கிறது?
3. வாரண்டி இன்னும் முடியாத பொருள் ஏதேனும் பழுதாகக் கிடக்கிறதா?

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை விட்டே இந்தக் கணக்கை எடுக்கச் சொல்லுங்கள். பில்களை ஒரே கவரில் சேர்க்கும் வேலையையும் அவர்களிடமே கொடுங்கள்.

அந்தத் தையல் மிஷின் வீட்டில் ஒரு பில்லும், ஒரு கடிதமும், 1915-க்கு ஒரு போனும் இருந்திருந்தால், நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவதற்கு முன் பார்த்துவர இன்னும் சில வாசல்கள் அவர்களுக்குத் திறந்திருக்கும். அவற்றில் ஒன்று பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. இதைப் படித்தவர்கள் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுங்கள், அதுவும் ஒரு ஸதகாதான்.

அல்லாஹ் நம் உழைப்பிலும் பொருளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.